வன்னியிலிருந்து சென்னைக்கு: பலாலியா, கட்டுநாயக்கவா?

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 645 கிலோமீற்றர். தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் இரண்டு விமானங்களின் நேர அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடம்தான். அதனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்திலிருந்து புறப்படும் ஒருவர் விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்டு முடிவெடுத்தால் முடிவு பிழைத்துப்போகும். வீட்டுப் படலையிலிருந்து விமான நிலைய வாசல் வரை எவ்வளவு நேரம், கையில் எத்தனை பொதி, சென்னையில் இறங்கியபின் எங்கே போகவேண்டும் ஆகிய மூன்றும்தான் இதைத் தீர்மானிக்கும்.

இருந்தாலும் ஆகாயக் கணக்கை ஒருதடவை சரியாகப் பார்த்துவிடுவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் தூரக் கணிப்பான்கள் இந்த இடத்தில் ஆட்களைக் குழப்புகின்றன.

355 கிலோமீற்றர் எப்படி ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிறது

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகையில் இருக்கிறது. பலாலி வடக்கு 9.79, கிழக்கு 80.07. கட்டுநாயக்க வடக்கு 7.18, கிழக்கு 79.88. மூன்றும் ஏறக்குறைய ஒரே வடக்கு–தெற்குக் கோட்டில் கிடப்பதால் தூரத்தைக் கணிக்கப் பெரிய சூத்திரம் தேவையில்லை. அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது 60 கடல்மைல். சென்னைக்கும் பலாலிக்கும் இடையே 3.2 பாகை, 60ஆல் பெருக்கினால் 192 கடல்மைல், ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர் என்பதால் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கவுக்கு 5.81 பாகை, அதாவது 349 கடல்மைல், 645 கிலோமீற்றர்.

இனி நேரம். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72 என்ற இரட்டை இயந்திரச் சுழல்விசிறி விமானம். அது நிதானமாகப் பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அந்த வேகத்தில் 355 கிலோமீற்றருக்கு 43 நிமிடம். அதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னையில் வரிசைக்குக் காத்துச் சுற்றிவருவது, இறங்கித் தரிப்பிடத்துக்குப் போவது எல்லாம் சேர்ந்து இன்னும் அரை மணித்தியாலம். ஆகவே அட்டவணையில் 1 மணி 15 நிமிடம் அல்லது 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். கட்டுநாயக்கவிலிருந்து போவது ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம். மணிக்கு 830 கிலோமீற்றர் என்று வைத்தால் 645 கிலோமீற்றருக்கு 47 நிமிடம். ஏற்றம், இறக்கம், பெரிய விமான நிலையத்தின் நெரிசல் சேர்ந்து 1 மணி 20 முதல் 1 மணி 30 வரை.

பெரும்பாலான கணிப்பான்கள் எந்த விமானம் என்று பார்ப்பதில்லை. எல்லாப் பாதைக்கும் மணிக்கு 800 கிலோமீற்றர் என்று வைத்து, மேலே ஒரு நிலையான அரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடும். பலாலி–சென்னைக்கு 55 நிமிடம் என்று காட்டுவது அதனால்தான். அந்த 55 நிமிடத்தை நம்பிச் சென்னையில் அடுத்த விமானத்தையோ ரயிலையோ பதிவுசெய்தால் ஆரம்பத்திலேயே இருபது, இருபத்தைந்து நிமிடம் போய்விடும். விமான நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பாருங்கள். இலங்கையும் இந்தியாவும் 2006 ஏப்ரலிலிருந்து ஒரே நேரத்தில் இருப்பதால் கழித்து வருவதே உண்மையான பயண நேரம், மணிக்கூட்டை மாற்றவேண்டியதில்லை.

வீதியில்தான் வித்தியாசம்

வன்னி, பலாலிக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் கிடக்கிறது. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போவதென்றால் சென்னைக்கு எதிர்த்திசையில் 310 கிலோமீற்றர் தெற்கே போய், பிறகு அதே வடக்கு நோக்கி 645 கிலோமீற்றர் பறக்கவேண்டும். மொத்தம் 955 கிலோமீற்றர். பலாலியால் போனால் வீதியில் 75, ஆகாயத்தில் 355, மொத்தம் 430.

ஒவ்வொரு ஊராகப் பார்ப்போம். நேரங்கள் வான் (van) பிடித்து வீதியால் போவதற்கானவை, பஸ்ஸென்றால் கூடும்.

கிளிநொச்சி நகரிலிருந்து பலாலி: ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டி, மீசாலையில் புத்தூர் வீதிக்குத் திரும்பினால் யாழ்ப்பாண நகரத்துக்குள் போகாமலே பலாலிப் பக்கம் ஏறலாம். ஏறத்தாழ 75 கிலோமீற்றர், ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் மணித்தியாலம். நகரத்துக்குள்ளால் போனால், குறிப்பாகப் பாடசாலை விடும் நேரத்தில், இன்னும் அரை மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுநாயக்கவுக்கு ஆறு முதல் ஆறரை மணித்தியாலம்.

முல்லைத்தீவிலிருந்து பலாலி: பரந்தன் வீதியால் 52 கிலோமீற்றர் வந்து ஏ9இல் ஏறி, மொத்தம் 120க்கும் சற்று மேல், இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம். மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் நந்திக்கடல் தண்ணீர் பாய்ந்தால் இந்த வழி அடைபடும். அப்போது முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாகச் சுற்றவேண்டும். ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துப் புறப்படுங்கள். கட்டுநாயக்கவென்றால் நெடுங்கேணி, புளியங்குளம், வவுனியா வழியாக ஏறத்தாழ 325 கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம்.

மன்னாரிலிருந்து பலாலி: ஏ32 வீதியால் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், நாவற்குழி வழியாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்திராவிட்டால் மன்னாருக்கு இந்தத் தெரிவே இருந்திராது. கட்டுநாயக்கவுக்கு மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாக 285 கிலோமீற்றருக்கு மேல். கைபேசி வரைபடத்தில் சிலாவத்துறையிலிருந்து வில்பத்துக்குள்ளால் புத்தளத்துக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். பயணப் பொதியோடு, விமானத்துக்கு நேரம் வைத்துக்கொண்டு, அந்த வழியை நம்பவே கூடாது.

வவுனியாவிலிருந்து பலாலி 150 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். கட்டுநாயக்க 230 கிலோமீற்றர், நாலரை முதல் ஐந்து. இங்கே வித்தியாசம் சுருங்குகிறது. இன்னும் தெற்கே போகப் போக இரண்டும் சமமாகும் இடம் மதவாச்சிக்கும் அநுராதபுரத்துக்கும் நடுவில் வருகிறது. அதாவது வீதித் தூரத்தை மட்டும் வைத்தால் செட்டிகுளம் உட்பட முழு வன்னியும் பலாலியின் பக்கம்தான்.

விமான நிலையத்தில் செலவாகும் நேரமும் பலாலிக்குச் சாதகம். ஏடிஆரில் 70 முதல் 78 இருக்கைகள். குடிவரவு வரிசையில் நிற்கப்போவது அவ்வளவு பேர்தான். செக்கின் கவுண்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன் மூடும் என்பதால் இரண்டரை மணித்தியாலம் முந்திப் போனால் தாராளம். வாசலில் நடக்கும் பாதுகாப்புச் சோதனையும் அதற்குள் அடங்கும். கட்டுநாயக்கவில் மூன்று மணித்தியாலத்துக்குக் குறைத்துப் போகவேண்டாம். மத்திய கிழக்கு விமானங்கள் வரிசையாகப் புறப்படும் இரவு நேரங்களில் பொதிச் சோதனையிலேயே அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

எல்லாவற்றையும் கூட்டினால், கிளிநொச்சியில் வீட்டிலிருந்து புறப்பட்டு மீனம்பாக்கத்தில் தரை தொடும்வரை பலாலியால் ஐந்தரை மணித்தியாலம், கட்டுநாயக்கவால் பத்தரை முதல் பதினொரு மணித்தியாலம். வவுனியாவில் அது ஏழும் ஒன்பதும். ஐந்து மணித்தியால வித்தியாசத்துக்காகக் கிளிநொச்சிக்காரர் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. இரண்டு மணித்தியாலத்துக்காக வவுனியாக்காரர் எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்பதை மற்ற விடயங்களைப் பார்த்தபின் முடிவெடுக்கட்டும்.

(வன்னிக்குள்ளேயே இரணைமடுவிலும் வவுனியாவிலும் ஓடுபாதை இருக்கிறது. இரண்டும் விமானப்படையின் கையில். பயணிகள் சேவை இல்லை. ஆகவே கணக்கில் வராது.)

பலாலியின் பலவீனம் எங்கே

பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்ரோபர் 17. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வணிகச் சேவையை ஆரம்பித்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, 2022 டிசம்பர் 12வரை மீண்டும் வரவில்லை. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இண்டிகோ சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30இலிருந்து திருச்சிக்கும். சேவை இன்னும் இளமையானது, விமானங்கள் கொஞ்சம், அதுவும் பகலில். ரிக்கெற் வாங்குமுன் நீங்கள் போகும் கிழமையில் எந்தெந்த நாளில் விமானம் இருக்கிறது என்று பாருங்கள். மார்ச் கடைசியிலும் ஒக்ரோபர் கடைசியிலும் எல்லா விமான நிறுவனங்களும் பருவ அட்டவணையை மாற்றும். ஒக்ரோபருக்கு முன் பார்த்த நேரத்தை வைத்துக் கார்த்திகை மாதப் பயணத்தைத் திட்டமிட்டால் பிழைக்கும்.

விமானம் சிறிதாக இருப்பதற்குக் காரணம் ஓடுபாதை. பெரிய ஜெட் இறங்கி ஏறும் நீளம் பலாலிக்கு இல்லை, அதனால்தான் ஏடிஆர். குறுகிய ஓடுபாதை, வெயில் நேரம், மழை ஈரம் மூன்றும் ஒரு விமானம் தூக்கக்கூடிய எடையைக் குறைக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது; இறக்கை தூக்கும் விசையும் இயந்திர வலுவும் அதில் இறங்கும். ஆகவே ஏடிஆரில் பொதி எடை பற்றிய கண்டிப்பு வீம்புக்கு வருவதல்ல. கூடுதல் பொதிக்குக் காசு கட்டத் தயாராக இருந்தாலும் அன்றைய எடைக் கணக்கில் இடமில்லையென்றால் ஏற்றமாட்டார்கள், அல்லது பொதி அடுத்த விமானத்தில் வரும். மேலதிக எடை வேண்டுமென்றால் இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். கவுண்டரில் வாங்குவதைவிட மலிவு, எடைக் கணக்கிலும் முன்னதாகவே சேரும்.

கைப்பையிலும் கவனம். ஏடிஆரின் தலைக்கு மேலுள்ள தட்டு ஜெட்டின் தட்டைவிடத் தாழ்வு. ஏ320இல் சுலபமாகப் போகும் சில்லு வைத்த கெட்டிப் பெட்டி இதில் முட்டிக்கொண்டு நிற்கும். வாசலில் வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். அதற்குள் மருந்து, நகை, கடவுச்சீட்டு, பவர் பாங்க் இருந்தால் அந்த நேரத்தில் அவசர அவசரமாக வெளியே எடுக்கவேண்டி வரும். பவர் பாங்கைச் சரக்கறையில் போடவே கூடாது. மடங்கக்கூடிய துணிப்பையில் 7 கிலோவுக்குள் கட்டிக்கொண்டு, தேவையான சாமான்களைத் தனியே ஒரு சிறு தோள்பையில் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

கலியாணச் சேலைக்கும் பாத்திரத்துக்கும் சென்னை போகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். போகும்போது பை வெறுமை, திரும்பும்போதுதான் எடை. பட்டுச்சேலைப் பெட்டிகளும் பித்தளைக் குத்துவிளக்கும் வைத்து நாலு பேர் திரும்புவதென்றால், போவதைப் பலாலியாலும் வருவதைக் கட்டுநாயக்கவாலும் வைத்துக்கொள்ளலாம். ஒருவழி ரிக்கெற்றுகள் இரண்டாக எடுத்தால் விலை எப்படி வருகிறது என்று பாருங்கள். குறைந்த கட்டண விமானங்களில் இருவழி ரிக்கெற் என்பது பெரும்பாலும் இரண்டு ஒருவழி விலையின் கூட்டுத்தான்.

அடுத்தது வானிலை. வடகீழ் பருவமழைக் காலத்தில், ஒக்ரோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர்வரை, வங்கக்கடலில் எழும் தாழமுக்கங்கள் பலாலிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட இந்தக் கரையைத்தான் தேடிவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், 2024 நவம்பர் 30ஆம் திகதி பெஞ்சல் புயலும் சென்னை விமான நிலையத்தையே மூடவைத்தன. சென்னை மூடினால் பலாலி, கட்டுநாயக்க இரண்டுமே பயனற்றவை. வித்தியாசம் மறுநாள் தெரியும். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஸ்ரீலங்கன், இண்டிகோ என்று நாளொன்றுக்குப் பல விமானங்கள் உண்டு. திருச்சி, பெங்களூர் வழியாகவும் ஏற்றிவிட முடியும். பலாலியில் விமானம் ரத்தானால் அடுத்தது ஆகக் குறைந்தது மறுநாள். அதிலும் 78 இருக்கைகளில் மிஞ்சியவைதான். நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும் அல்லது வேறு திகதி தரும். 380 கிலோமீற்றர் தள்ளியுள்ள கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்துத் தராது. ஆகவே இந்த மாதங்களில் பலாலியால் போகிறவர்கள், தவறவிடக்கூடாத வேலைக்கு (வைத்தியர் சந்திப்பு, தாலிகட்டு, தூதரக நேர்முகம்) ஆகக் குறைந்தது இரண்டு நாள் முந்திப் போகவேண்டும்.

அதற்காக மாரியில் கட்டுநாயக்க வழி பத்திரம் என்றும் சொல்லமுடியாது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோது கலா ஓயா பெருகி, அநுராதபுரம்–புத்தளம் வீதி தண்ணீருக்குள் போய், வடக்கிலிருந்து கொழும்பு போன பஸ் பயணிகளே வெள்ளத்தில் சிக்கினார்கள். விமானம் பறந்தாலும் அதை எட்டிப்பிடிக்க வீதி இருக்கவேண்டும். 300 கிலோமீற்றர் வீதியில் மழைக்கு அடைபடும் இடங்கள் 75 கிலோமீற்றரில் உள்ளதைவிடக் கட்டாயம் அதிகம்.

காசுக் கணக்கு: தனியாள் வேறு, குடும்பம் வேறு

ரிக்கெற் விலையை மட்டும் ஒப்பிட்டு, கட்டுநாயக்க மலிவு என்று முடிவெடுக்கிறவர்கள் அதிகம். சென்னை வழியில் போட்டி அதிகம் என்பதால் கட்டுநாயக்க ரிக்கெற் பல நாட்களில் மலிவாகவே இருக்கும். ஆனால் ஊரிலிருந்து வான் பிடித்தால், ஓடுகிற தூரம் போக வர இரண்டுக்கும் காசு. கிளிநொச்சியிலிருந்து பலாலி போய்வர 150 கிலோமீற்றர். கட்டுநாயக்க போய்வர 620. வித்தியாசம் 470 கிலோமீற்றர். உங்கள் ஊர் வான்காரர் கிலோமீற்றருக்கு என்ன கேட்கிறாரோ அதை 470ஆல் பெருக்குங்கள். சாரதியின் இரவுச் சாப்பாடு, காத்திருப்புக் காசு கூட்டுங்கள். அந்தத் தொகையைப் பயணம் போகிற ஆட்களின் எண்ணிக்கையால் பிரியுங்கள். கட்டுநாயக்க ரிக்கெற்றைவிடப் பலாலி ரிக்கெற், ஒருவருக்கு வருகிற இந்தத் தொகைக்கும் மேலாகக் கூடுதலாக இருந்தால்தான் கட்டுநாயக்க உண்மையில் மலிவு.

தனியாள் பஸ்ஸில் போவதென்றால் கணக்குத் தலைகீழ். யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்கள் ஏ9இல் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாவில் ஏற்றும். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போகும் பஸ்ஸா, குருநாகல் வழியாகப் போகும் பஸ்ஸா என்று பதிவுசெய்யும்போதே கேளுங்கள். நீர்கொழும்பு வழி என்றால் கட்டுநாயக்க சந்தியில் இறங்கி ஓட்டோவில் சில நிமிடத்தில் விமான நிலையம். குருநாகல் வழி என்றால் கொழும்பு வரை போய்த் திரும்பிவரவேண்டி வரலாம். அதிகாலையில் இரண்டு மணித்தியாலம் வீண். ரயிலில் போகிறவர்கள் கொழும்புக் கோட்டைவரை போகத் தேவையில்லை. வண்டி றாகமையில் நின்றால் அங்கே இறங்கினால் கட்டுநாயக்க ஏறத்தாழ 20 கிலோமீற்றர். பஸ், ரயில் கட்டணம் வான் கூலியோடு ஒப்பிட்டால் சிறு தொகை என்பதால், தனியாளுக்கு விமான ரிக்கெற் விலைதான் தீர்மானிக்கும். இளவயது, ஒரு பை, இரவு பஸ்ஸில் நித்திரை கொள்ள முடியும் என்றால் கட்டுநாயக்க நியாயமான தெரிவு.

நோயாளியைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். முள்ளந்தண்டு, இடுப்பு, புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ போகும் ஒருவரை வீதியில் ஆறு மணித்தியாலம் வானுக்குள் உட்காரவைப்பது அவரை வருத்துவது. பலாலியைப் பிடியுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவால். தரையில் நடந்துபோய், சில படிகள் ஏறவேண்டும். முன்பக்கம் சரக்கறை. நடைபாதை ஒடுக்கம், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை. படி ஏறமுடியாதவருக்குச் சக்கர நாற்காலி உதவியை ரிக்கெற் எடுக்கும்போதே கேட்டு, 48 மணித்தியாலத்துக்கு முன் நிறுவனத்தோடு பேசி உறுதிசெய்யுங்கள். பின்வரிசை இருக்கை எடுத்தால் நடக்கும் தூரம் குறையும். படுக்கையில் கொண்டுபோகவேண்டிய நோயாளி என்றால், அல்லது பறக்கும்போது ஒட்சிசன் வேண்டும் என்றால், ஏடிஆர் சரிவராது. கட்டுநாயக்கவில் முன்கூட்டியே மருத்துவ அனுமதி எடுத்துப் போவதுதான் வழி. வீசாவும் மருத்துவ வீசாவாக இருக்கட்டும். சுற்றுலா வீசாவில் போய் வைத்தியசாலையில் சேர்ந்தால் பிறகு சிக்கல் வரலாம்.

வீசாவைப் பற்றி இன்னொன்று. நமது பெயர்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர், சொந்தப் பெயர் என்று நீளமாக வரும். எது குடும்பப் பெயர், எது மற்றப் பெயர் என்பதைக் கடவுச்சீட்டின் படப்பக்கத்தில் அடியில் உள்ள, இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளைப் பார்த்தே நிரப்புங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு அம்புக்குறிக்கு (<<) முன் உள்ளது குடும்பப் பெயர், பின் உள்ளது மற்றப் பெயர். வீசாவிலும் ரிக்கெற்றிலும் இவை மாறி விழுந்தால் கவுண்டரில் மறிப்பார்கள். கட்டுநாயக்கவில் நிறுவனத்தின் அலுவலகம் பக்கத்தில் இருப்பதால் திருத்த ஒரு வாய்ப்பு இருக்கும்; பலாலியில் கவுண்டர் மூடுவதற்குள் திருத்துவது கஷ்டம்.

திருச்சி, கப்பல், அதற்கு அப்பால்

போகிற இடம் சென்னைதானா என்று முதலில் கேளுங்கள். திருச்சி முகாமில் உறவினர் இருக்கிறவர்கள், ஸ்ரீரங்கம், சமயபுரம், வேளாங்கண்ணி போகிறவர்கள், மதுரை வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் சென்னையில் இறங்கினால் பிறகு இரவு முழுதும் பஸ்ஸில் தெற்கே இறங்கவேண்டும். பலாலி–திருச்சி ஆகாய வழியில் 184 கிலோமீற்றர்தான்; கிளிநொச்சியிலிருந்து அநுராதபுரம் போகும் தூரத்தைவிட ஐம்பது கிலோமீற்றர் அளவுதான் கூட. அட்டவணையில் ஒரு மணித்தியாலம் அளவு போடுவது, ஏற்ற இறக்கத்துக்கான அரை மணித்தியாலம் தூரம் குறைந்தாலும் குறையாது என்பதால். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 417 கிலோமீற்றர், பறப்பு நேரம் ஏறக்குறைய அதே. திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி வீதியால் 150 கிலோமீற்றர் அளவு. சென்னையிலிருந்து அதன் இரண்டு மடங்குக்கும் மேல்.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் உண்டு. 2023 ஒக்ரோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் வந்தது. ஏறத்தாழ 60 கடல்மைல், நாலு மணித்தியாலம் அளவு. நாகபட்டினம், வேளாங்கண்ணி, தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவருக்கு நல்லது. சென்னைக்கென்றால் நாகபட்டினத்திலிருந்து இன்னும் 300 கிலோமீற்றர் வீதி. பலாலி விமானத்தோடு நேரத்தில் போட்டிபோட முடியாது. வடகீழ் பருவத்தில் கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள். மார்கழிப் பயணத்துக்குக் கப்பலை நம்பவேண்டாம்.

இலண்டன், ரொறன்ரோ போன்ற இடங்களுக்குச் சென்னை வழியாகப் போய்வரலாமா என்று புலம்பெயர்ந்து வாழும் உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பலாலியால் வந்திறங்கினால் ஒன்றரை மணித்தியாலத்தில் கிளிநொச்சி வீடு என்பது கவர்ச்சியான விடயம்தான். ஒரே பதிவில், ஒரே ரிக்கெற்றில் பலாலிவரை எழுதிக்கொடுத்தால் எடுங்கள். பொதி சென்னையில் தானாக மாறும், முதல் விமானம் தாமதித்தால் அடுத்ததை ஒழுங்குபடுத்துவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி ரிக்கெற்றாக வாங்கினால் சென்னையில் குடிவரவு தாண்டி, பொதியை எடுத்து, மீண்டும் செக்கின் செய்யவேண்டும். அதற்கு இந்திய வீசா வேண்டும். பலாலி விமானம் பகலில் மட்டும் என்பதால், ஐரோப்பிய விமானம் நள்ளிரவில் இறங்கினால் மறுநாள் பகல்வரை சென்னையில் தங்கவேண்டும். அதில் மிச்சம் பிடித்த ஐந்து மணித்தியாலமும் போய்விடும். இலண்டனுக்குக் கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானமே இருக்கிறது. பெரிய பெட்டிகளோடு வருகிற குடும்பத்துக்குக் கட்டுநாயக்கவில் இறங்கி வான் பிடித்து ஊருக்கு வருவதே இன்றைய நிலையில் சரி.

திரும்பி வரும்போது, பலாலியில் பின்னேரம் இறங்கினால் யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்துக்கு வரவே முக்கால் மணித்தியாலம் வேண்டும். கிளிநொச்சி, வவுனியா பஸ்கள் இரவிலும் ஓடும். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மல்லாவிப் பக்கத்துப் பஸ்கள் அப்படியல்ல. அந்த ஊர்க்காரர் முன்கூட்டியே ஓட்டோவையோ வானையோ பரந்தன் சந்திக்கோ மாங்குளம் சந்திக்கோ வரச்சொல்லிவைத்தால், அதுவரை ஏ9 பஸ்ஸில் வந்து இறங்கலாம். பலாலிவரை வாகனம் கூப்பிடுவதில் பாதிக் காசு மிச்சம். கட்டுநாயக்கவில் இரவு இறங்கி வான் பிடித்து வருகிறவர்கள், புத்தளம்–அநுராதபுரம் வீதியில் யானை கடக்கும் இடங்களிலும், ஏ9இல் ஓமந்தைக்கு அப்பால் மாடு படுத்திருக்கும் இடங்களிலும் சாரதியை வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நித்திரை தூங்கும் சாரதியென்றால் புத்தளத்தில் நிறுத்தி ஒரு தேத்தண்ணியும் அரை மணித்தியால ஓய்வும் கொடுத்துவிட்டு, விடிந்தபின் மிச்ச வீதியை ஓடலாம்.